குதிகால் வலி என்று பெயர் வைத்த பிறகும் போகாத வலி

காலையில் முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவதுபோல் வலி. பத்து இருபது அடி நடந்ததும் தணிகிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறது. இதைச் சொன்னவுடன் வீட்டில் இருப்பவர்களே ‘குதிகால் வாதம்’ என்று சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை விசிறிபோல் விரியும் தடித்த சவ்வுக்குப் பிளாண்டார் ஃபேஷியா என்று பெயர். அது எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோவதால் வரும் வலி இது. மாதக்கணக்கில் இழுத்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, மாத்திரை தின்றாயிற்று, ஜெல் தடவியாயிற்று, மெத்தென்ற செருப்பு வாங்கியாயிற்று, ஊசியும் போட்டாயிற்று, ஆனாலும் வலி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பவர்கள் பலர். ‘குதிகால் வலி’ என்பது வலிக்கிற இடத்தைத்தான் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. அந்தக் கையகல இடத்தில் எலும்பு, சவ்வு, கொழுப்பு மெத்தை, தசைநாண்கள், நரம்புக் கிளைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எது வலித்தாலும் குதிகால் வலிக்கிறது என்றுதான் சொல்வோம். சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் இரண்டு மூன்று மாதத்தில் துளியும் மாற்றம் இல்லையென்றால், அடுத்த மருந்தைத் தேடும் முன் வைத்த பெயர் சரியா என்று கேட்க வேண்டும்.

அதற்குச் செலவில்லாத கருவி கை கட்டைவிரல். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மறு தொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நுனியால் அரை அங்குலத்துக்கு ஓர் இடமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். குதிகாலின் அடியில், நடுவிலிருந்து சற்று உள்பக்கமும் முன்பக்கமும் தள்ளி ஒரு புள்ளியில் ‘ஆ’ என்று கத்த வைத்தால் அது சவ்வு பற்றியிருக்கும் இடம். கால்விரல்களை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அழுத்தும்போது வலி கூடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

குதிகாலின் நட்டநடுவில் கன்றிப்போனதுபோல் வலித்து, வெறுங்காலில் நிற்க நிற்கக் கூடினால் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். வயதானவர்களுக்கும், ஒரே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி பலமுறை போட்டவர்களுக்கும் இது வரும். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கினாலே வலி தெறிக்கிறதென்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட காலுக்கு நடைப்பயிற்சியும் நீட்டல் பயிற்சியும் கொடுத்தால் விரிசல் பெரிதாகும். உள் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலால் தட்டும்போது உள்ளங்காலுக்குச் ‘சுரீர்’ என்று மின்சாரம் ஓடினால், அங்கே போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. டார்சல் டனல் என்று சொல்வது இதைத்தான்.

எல்லாவற்றையும்விட எளிதில் தவறிப்போவது பாக்ஸ்டர் நரம்பு. குதிகாலின் உள்பக்கமாக, சவ்வு வலிக்கும் புள்ளிக்குப் பக்கத்திலேயே அது போகிறது. அதனால் டாக்டர் அழுத்திப் பார்க்கும்போதும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. சவ்வு வலி காலை முதல் அடியில் உச்சத்தில் இருக்கும். நரம்பு வலி காலையில் பெரிதாக இருக்காமல், நடக்க நடக்க, பொழுது ஏற ஏற எரிச்சலாகக் கூடும். சிலருக்கு அந்தக் கால் சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கும் தசையும் சோர்ந்துபோகும். பலருக்கு நல்ல காலிலேயே அந்த விரல் தனியாக விரியாது. ஆகவே இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதற்குப் பொருள்.

முன்பாதத்தில் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையில் வலித்து, செருப்புக்குள் சிறு கல் கிடப்பதுபோல் தோன்றி, ஷூவைக் கழற்றி விரலைப் பிசைந்தால் தணிகிறதென்றால் மார்ட்டன் நியூரோமா என்ற நரம்புத் தடிப்பை நினைக்க வேண்டும். முனை குறுகிய ஷூ அதற்கு முதல் எதிரி. பாதத்தின் மேல்பக்கம் ஒரே ஓர் எலும்பின் மீது விரல் வைத்தால் வலித்து, லேசாக வீங்கியும் இருந்தால் அது விரிசலாக இருக்கலாம். நடை திடீரெனக் கூடிய காலத்தில் வருவது இது. திருவண்ணாமலையில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் போனது, பழனிக்கு நாள்கணக்கில் பாதயாத்திரை நடந்தது, புதிதாக ஓடத் தொடங்கியது என்று முந்தைய சில வாரங்களில் ஏதாவது இருக்கும். அதை டாக்டரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

பாதத்தின் நடுப்பகுதி மிகவும் ஏமாற்றும். பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தவருக்குச் ‘சுளுக்கு’ என்று கட்டுப் போட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் உள்ளங்காலின் நடுவில் நீலமாகக் கன்றியிருந்தால் லிஸ்ஃபிராங் மூட்டின் தசைநார் அறுந்திருக்கலாம். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகும். கால் ஊன்றி நின்றபடி, இரண்டு பாதத்தையும் சேர்த்து எடுத்தால்தான் பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில் இடைவெளி விலகியிருப்பது தெரியும். ‘நின்றபடி எடுக்கலாமா டாக்டர்?’ என்று கேட்க நோயாளி தயங்க வேண்டியதில்லை.

பரிசோதனைகள் எங்கே ஏமாற்றுகின்றன என்று தெரிந்திருந்தால் பாதிப் பணமும் மனவுளைச்சலும் மிச்சமாகும். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது சகஜம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நடமாடக் கூடாது. மாறாக, எக்ஸ்ரேயில் தெரியும் ‘எலும்பு வளர்ச்சி’ எல்லாம் வலிக்குக் காரணமும் ஆகாது. வலியே இல்லாத ஏராளமானவர்களின் குதிகாலிலும் முள்போன்ற அந்த வளர்ச்சி இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டு அறுவைக்குப் போவது நல்லதில்லை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மலிவு, சவ்வுக்கு நல்லது. சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நைந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் சீட்டில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கணுக்காலுக்கு எடுக்கும் படத்தில் விரல்பக்கம் முழுதாக விழாது. முன்பாத வலிக்குக் கணுக்கால் எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வாங்கி வருபவர்கள் உண்டு. போகும்போது வலிக்கும் புள்ளியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். அந்த இடத்தில் எண்ணெய் நிறைந்த வைட்டமின் ஈ கேப்சூல் ஒன்றை டேப் போட்டு ஒட்டிப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரிவதால், படிக்கும் கதிரியக்க மருத்துவரின் கண் நேராக அங்கே போகும். நரம்புக்கு எடுக்கும் என்.சி.எஸ். சோதனை பெரிய நரம்பு இழைகளைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால், உள்ளங்கால் தீயாய் எரியும்போதும் அறிக்கை நார்மலாகவே வரும்.

டாக்டர் அறையில் கிடைப்பது சில நிமிடங்கள். ‘ரொம்ப நாளா வலிக்குது’ என்று தொடங்கினால் அந்த நேரம் அதிலேயே போய்விடும். பத்து நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும், இந்த மாதிரி: ‘செவ்வாய். எழுந்ததும் 3. சமையலறையில் முக்கால் மணி நின்றபின் 6, எரிச்சல். பஸ்ஸில் உட்கார்ந்தபோது இல்லை. இரவு 2 மணிக்கு விழிப்பு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டதும் தணிந்தது.’ பத்துக்கு எத்தனை என்ற எண்ணோடு, என்ன செய்தால் கூடியது, என்ன செய்தால் குறைந்தது, வலியின் குணம் குத்தலா எரிச்சலா மரத்துப்போதலா என்பதும் வேண்டும். அந்த நோட்டு வரியின் கடைசி வாக்கியம் ஒன்றே மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். காலைத் தொங்கப்போட்டால் தணியும் இரவு வலி, ரத்த ஓட்டம் குறைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டு என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் கெட்டிப்பட்டு அந்த எண் பொய்யாக நல்லதுபோல் வரலாம் என்பதால் அதோடு நிறுத்திவிடக் கூடாது.

அந்த நோட்டை நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் வைத்திருக்கிறார், இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் இடுப்பும் அரை மணிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது, நடமாடினால் தேவலை, ஓய்வில் கூடுகிறது என்றால் அது பாதத்தின் பிரச்சினையாக இல்லாமல் போகலாம். ஸ்பாண்டிலோ ஆர்த்ரைடிஸ் என்ற வாத நோய், தசைநாண் எலும்பில் சேரும் இடங்களைத் தாக்கும். குதிகால் அதற்குப் பிடித்த இடம். முன்பு கண் சிவந்து வலித்ததா, தோலில் சொரியாசிஸ் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளைந்துபோனதா என்பதெல்லாம் இங்கே முக்கியம். எலும்பு மருத்துவரிடமே சுற்றிக்கொண்டிருக்காமல் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் இது. பெருவிரல் மூட்டு நள்ளிரவில் சிவந்து கொதித்தால் யூரிக் ஆசிட்டைச் சந்தேகிப்பார்கள். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அதன் அளவு சரியாகவே காட்டக்கூடும். அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு பாதமும் இரவில் எரிகிறது, போர்வை பட்டாலும் தாங்கவில்லை என்றால் சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றையும் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. சர்க்கரை என்று மட்டும் நினைத்து அதை விட்டுவிட்டால் சரிசெய்யக்கூடிய எரிச்சலைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். தோலில் வெளிர்ந்த, உணர்ச்சியில்லாத திட்டு இருந்தால் தொழுநோயையும் பார்க்கச் சொல்லுங்கள். குணமாகும் நோய் அது, மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், கூச்சத்தால் தாமதித்தால் நரம்பு போய்விடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம், முள். வேலிக்கருவை முள் குத்தி, பிடுங்கும்போது நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிடும். மேலே ஆறிவிடும், சில வாரம் கழித்து அந்த இடம் அவ்வப்போது வீங்கி வலிக்கும், மாத்திரை சாப்பிட்டால் அடங்கி மறுபடி வரும். எக்ஸ்ரேயில் முள் தெரியாது. அல்ட்ராசவுண்டில் தெரியும். அதனால் எப்போதோ குத்திய முள்ளையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முள் வழியாக மண்ணிலுள்ள பூஞ்சையும் சில பாக்டீரியாக்களும் புகுந்து பாதம் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் தடித்து, துளைகளிலிருந்து குருணைபோல் வடியும் நோய்க்கு மருத்துவ உலகம் வைத்த பெயரே ‘மதுரா பாதம்’. 1842-இல் மதுரையிலிருந்து அது பதிவாயிற்று.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஓர் அவசர எச்சரிக்கை. ஒரு பாதம் திடீரெனச் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது சார்கோட் பாதமாக இருக்கலாம். உணர்வு குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் கட்டம் அது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். கிருமித் தொற்று என்றோ யூரிக் ஆசிட் என்றோ எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்து நடக்கவிட்டால் பாதத்தின் வளைவே உடைந்து தொட்டில்போல் கவிழ்ந்துவிடும். அந்த நாளிலிருந்தே அந்தக் காலில் எடை போடாமல் பாத நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். செங்கல்லைச் சுட்டு எருக்கிலை வைத்துக் குதிகாலுக்கு ஒத்தடம் கொடுக்கும் வைத்தியம் உணர்வு நன்றாக உள்ளவருக்கு இதமாக இருக்கலாம். மரத்துப்போன பாதத்துக்கு அதைச் செய்தால் தோல் வெந்து புண்ணாவதே தெரியாது. ஐஸ் வைப்பதற்கும் இதே விதிதான்.

காயம் ஆறியும் வலி காயத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதாகி, பாதம் நிறம் மாறி, வியர்த்து, ஒரு பக்கம் சில்லென்றோ சூடாகவோ ஆகி, காற்று பட்டாலே துடித்தால் சி.ஆர்.பி.எஸ். என்ற நிலை. சுளுக்குக்கோ எலும்பு முறிவுக்கோ கட்டுப் போட்ட பின் வரும். ‘எல்லாம் மனசு’ என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்தான், அது பெரிய அநியாயம். காலை அசைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தால் இது முற்றும். பஞ்சால் ஐந்து நிமிடம் தடவுவது, அது பழகியதும் பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று ஒரு நாளைக்குப் பல முறை தோலுக்குத் தொடுதலைத் திரும்பக் கற்றுக்கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. இதைப் பிசியோவும் வலி மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

இனி, காரணம் தெரியும்வரையும் தெரிந்த பின்னும் எப்படி நாளை ஓட்டுவது என்பது. நம் வீடுகளில் முதலில் மாற்ற வேண்டியது தரை. டைல்ஸும் கிரானைட்டும் வந்தபின் வெறுங்காலில் நாள் முழுதும் கல்லில் நிற்கிறோம். வீட்டுக்குள் போட என்றே தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், பூஜையறைக்கும் சமையலறைக்கும் வெளியே கழற்றிவிடும் பழக்கம் இருந்தால் அடுப்படியில் நிற்கும் இடத்தில் ஒரு தடித்த ரப்பர் பாய் போடுங்கள். மருந்துக்கடைகளில் கிடைக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு, தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க உருவானது. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்து வேலையின் மிச்சம் அது. கொழுப்பு மெத்தை தேய்ந்தவருக்கு அது அருமை. ஆனால் உள்வளைவு சரிந்து பாதம் தட்டையாகிக்கொண்டு வருபவருக்கு மெத்தென்ற சமதளம் போதாது, வளைவைத் தாங்கும் உறுதியான அடி வேண்டும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் மேலெழாத செருப்பு தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றுங்கள். ஷூ என்றால் சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். கையில் எடுத்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்குவதும், துணிபோல் முறுக்க முடிவதும் உதவாது.

துணிக்கடை, நகைக்கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. மருத்துவச் சீட்டோடு அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

சவ்வு வலி என்று உறுதியானவர்களுக்கு இரண்டு பயிற்சி. ஒன்று, படுக்கையை விட்டுக் கால் தரையில் படுவதற்கு முன். காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடுவது. இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இழுக்கும்போது மறுகையால் உள்ளங்காலைத் தொட்டால் சவ்வு வீணைத் தந்திபோல் விறைத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் சரியாக இழுக்கவில்லை. இரண்டாவது, ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக்காலில் நின்று, மூன்று எண்ணிக் குதியை உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குவது. பன்னிரண்டு தடவையில் காலுக்குத் தாளாத அளவு எடையில் மூன்று சுற்று. இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் புத்தகம் சேர்த்துப் பத்துத் தடவை நான்கு சுற்று, மேலும் இரண்டு வாரம் கழித்து இன்னும் எடை சேர்த்து எட்டுத் தடவை ஐந்து சுற்று. முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கலாம். விரிசல் சந்தேகம் இருந்தால் இதைத் தொடவே கூடாது.

செய்யும்போது பத்துக்கு மூன்று நான்கு வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் முந்தைய நாள் செய்தது அதிகம். நடைக்கும் இதே கணக்கு. ஃபோனில் அடிகளை எண்ணுங்கள். தாங்கக்கூடிய நான்கு நாளின் சராசரி 4,000 என்றால் 3,200-இல் தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். நல்ல நாளில் 8,000 நடந்துவிட்டு மூன்று நாள் படுப்பதுதான் பலருடைய வலியை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது.

மாத்திரைகளில், டைக்ளோஃபெனாக் போன்றவை நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகமும் வயிறும் பழுதாகலாம். நரம்பு வலிக்கென்று டாக்டர் தரும் பிரிகாபலின், டுலாக்ஸடின் வேறு வகை. முதல் நாள்களில் தூக்கம் அசத்தும், சட்டென நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் இதம் தரும். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுவதும் கொழுப்பு மெத்தை கரைவதும் நடக்கும். முதல் ஊசியே பலிக்காதபோது இரண்டாவதற்குக் கையெழுத்துப் போடும் முன், ‘இது சவ்வுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். காலைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார்.